அன்புவுக்கு முன்னால் ஒருவர்

வட சென்னையில் கேரம் ஆடுகிற ஒருத்தர் பெயர் சொல்லுங்கள் என்றால் தமிழ்நாட்டில் பாதிப்பேர் 'அன்பு' என்பார்கள். வெற்றிமாறனின் 'வடசென்னை' 2018-ல் வந்தது. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் குனிந்து குறிபார்க்கும் தனுஷின் முகம் லேசில் மறக்காது. ஆனால் அன்பு கற்பனை ஆள். அந்தப் படத்தின் கதை நடக்கிற வருடங்களிலேயே, இதே சென்னையில், நிஜமாகவே ஒருவர் உலக சாம்பியனாக இருந்தார். பெயர் மரிய இருதயம்.

முதல் உலக கேரம் சாம்பியன்ஷிப் 1991-ல் டெல்லியில் நடந்தது. இரண்டாவது 1995-ல் கொழும்பில். இரண்டிலும் ஜெயித்தது அவர்தான். தேசியப் பட்டம் ஒன்பது முறை. 1996-ல் அர்ஜுனா விருது. கேரமுக்காக அதை முதலில் வாங்கியவர் அவர். கிரிக்கெட்டில் இதில் கால்வாசி செய்திருந்தால் ஒரு தெருவுக்காவது பெயர் வைத்திருப்போம்.

தெருப் பெயர் என்றதும் எங்கள் ஏரியா ஞாபகம் வருகிறது. நான் யானைக்கவுனி. கவுனி என்றால் வாசல். பழைய கறுப்பர் நகரத்து மதிலின் வாசல்களில் ஒன்று. மதிலும் இல்லை, வாசலும் இல்லை. மதிலுக்காகப் போட நினைத்த வரி மட்டும் வால்டாக்ஸ் ரோடு என்று பெயராக நிற்கிறது. அந்த ரோட்டை ஒட்டிய சந்தில்தான் எங்கள் கேரம் கிளப். கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டிரம் மேல் ஒரு போர்டு, தலைக்கு மேல் தொங்கும் குண்டு பல்பு, போரிக் பவுடர் டப்பா. எங்கள் அம்மாக்களுக்கு அது பீடி, கெட்ட வார்த்தை, காசு வைத்து ஆடுகிற இடம். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அங்கே ஒரு அண்ணன் எங்களிடம் கேட்பார்: "உலக சாம்பியன் யாரு தெரியுமாடா? நம்ம மெட்ராஸ்காரரு."

"உலக சாம்பியன்னா டிவில காட்ட மாட்டாங்களாண்ணா?"

"கேரம எவன்டா டிவில காட்றான்."

பிரச்சினை மொத்தமும் அந்தப் பதிலில் இருக்கிறது. ஒலிம்பிக்கில் கிடையாது, மைதானம் வேண்டாம், ஷூ விற்க முடியாது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஆடுகிற உள்ளறை ஆட்டம். அதில் ஒருவர் உலகத்திலேயே முதல் ஆளாக வந்தாலும் அது செய்தியாவது கஷ்டம்.

இருதயத்தை நான் முன்னோடி என்று சொல்வதற்குக் காரணம் கோப்பைகள் மட்டுமில்லை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் ஆரம்பிக்கப்பட்டதே சென்னையில்தான். முறையான விதிகள் வெளியானதும் அந்த வருடம்தான். அதுவரை தெருவுக்கொரு சட்டம். எங்கள் சந்தில் வெள்ளை 20, கருப்பு 10, ரெட் 50. சர்வதேச விதியில் ஒரு காய்க்கு ஒரு புள்ளி, ரெட்டுக்கு 3, ஆட்டம் 25-க்கு. 22-ஐத் தொட்டுவிட்டால் ரெட் எடுத்தாலும் புள்ளி கிடையாது. முன்னால் போகிறவன் ரெட்டை வைத்து சுலபமாக முடித்துவிடக் கூடாது என்கிற யோசனை. கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த மாதிரி விதியைப் பார்த்தால் ஒரு சந்தோஷம். மூன்றே வருடத்தில், போட்டியே புதிதாக இருந்தபோது, அதன் உச்சிக்குப் போய் நின்றவர் அவர். பின்பற்ற அவருக்கு முன்னால் ஒரு உலக சாம்பியன் இருந்ததில்லை.

கதை நிஜத்தை மூடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பேஸ்பாலைக் கண்டுபிடித்தவர் அப்னர் டபுள்டே என்ற ராணுவ அதிகாரி என்று அமெரிக்கா ரொம்ப நாள் நம்பியது. அந்தக் கதையை நம்பித்தான் கூப்பர்ஸ்டவுனில் மியூசியம் வைத்தார்கள். 1857-ல் ஒன்பது இன்னிங்ஸ், பேஸ்களுக்கு நடுவே 90 அடி என்ற விதிகளை முடிவு செய்ததில் முக்கியமானவர் டாக் ஆடம்ஸ் என்ற டாக்டர். அவர் கையெழுத்துப் பிரதி 2016-ல் 30 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆளைத்தான் மறந்துவிட்டார்கள்.

ஆனால் இங்கே தொடர்ச்சி அறுந்துபோகவில்லை. 2008-ல் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டை காசிமாவுக்கு மூன்று தங்கம். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. எங்கள் கிளப் பக்கம் அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்ததே கிடையாது. இப்போது மகளை போர்டு முன்னால் உட்கார வைக்கிற அப்பாக்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு பதில் இருக்கிறது.

நான் வேலை பார்க்கும் ஆபீஸில், காபி மெஷின் பக்கத்தில் ஒரு கேரம் போர்டு இருக்கிறது. எங்கள் சந்தில் அது கெட்ட சகவாசம். இங்கே அதுவே எம்ப்ளாயி வெல்ஃபேர். போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன், நான் ரெட்டையும் ஃபாலோவையும் போட்டதைப் பார்த்துவிட்டு, "நார்த் மெட்ராஸா ப்ரோ? அன்பு மாதிரி ஆடுறீங்க" என்றான்.

மரிய இருதயம் தெரியுமா என்று கேட்டேன். போனை எடுத்து, "ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்றான். சொன்னேன்.