சிகாகோவின் காலை ஒன்பது

வாடிக்கையாளர் சிகாகோவில், அவர்களுடைய கிடங்கு மெல்பர்னில், நாங்கள் சென்னையில். கிடங்கின் இருப்புக் கணக்குக்கு மென்பொருள் எழுதும் அந்தத் திட்டத்துக்கு நான்தான் பொறுப்பு. வாராந்திரக் கூட்டத்தைச் சிகாகோ நேரப்படி காலை 9 மணிக்கு வைத்தேன். ஜூலையில் அது எங்களுக்கு இரவு 7.30, மெல்பர்னுக்கு நள்ளிரவு 12. "பரவாயில்லை" என்றார் அங்கிருந்த பொறியாளர். அதற்குமேல் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறன்று மெல்பர்ன் தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும். நவம்பர் முதல் ஞாயிறன்று சிகாகோ பின்னால் தள்ளிவைக்கும். சென்னையில் எந்த மாற்றமும் கிடையாது. கூட்டம் எங்களுக்கு 8.30 ஆனது. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறதே என்பதுதான் என் கவலை.

அதற்குப் பிறகு மெல்பர்ன்காரர் பேசுவது குறைந்துபோனது. வேலையில் பிடிப்பில்லை என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். ஒரு கூட்டத்தில் மட்டும், இரவில் தானாக ஓடும் நிரல் உள்ளூர் நேரம் 2.30-ஐ நம்பியிருக்கிறது, உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் நல்லது என்றார். "தனியாகப் பேசிக்கொள்வோம்" என்றேன். பேசவே இல்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறன்று, மெல்பர்னில் மணி 3 ஆனதும் கடிகாரம் மறுபடி 2-க்குத் திரும்பியது. 2.30 இரண்டு தடவை வந்தது. நிரலும் இரண்டு தடவை ஓடியது. அனுப்பிய சரக்கெல்லாம் இருப்பிலிருந்து இரண்டு தடவை கழிந்தது. கிடங்கு ஊழியர்கள் அலமாரி அலமாரியாகக் கையால் எண்ணிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

காரணம் தேடிப் பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். நவம்பர்க் குறிப்பில் அவர் சொன்னது அப்படியே இருந்தது. மேலே, கூட்ட நேரம்: காலை 9, சிகாகோ. அவர் ஊரில் அப்போது மணி என்னவாக இருந்திருக்கும் என்று விரல்விட்டு எண்ணினேன். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணினேன். அதிகாலை 2. மார்ச் வரைக்கும் அந்த நேரத்தில்தான் அவர் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அத்தனை மாதமும் அந்தக் கணக்கை நான் ஒருநாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கூட்ட நேரத்தை மூன்று ஊருக்கும் சுற்றில் விட்டோம். மெல்பர்னுக்குக் காலை 8 என்றால் சிகாகோவில் முந்தைய நாள் மாலை 5, சென்னையில் விடியற்காலை 3.30. எங்கள் முறை முதன்முதலாக வந்தபோது, தரவு மாற்றம் பற்றி எனக்கு முக்கியமான சந்தேகம் ஒன்று இருந்தது. கேட்டால் கூட்டம் நீளும், மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.