டிக்... டிக்... டிக்... (கமல் படம் இல்லைங்க, கார் எஞ்சின்!)

பழைய டர்போ கார் வச்சிருக்கிறவங்களுக்குன்னே ஒரு தனி வியாதி உண்டு மக்களே. பாட்டை நிறுத்திட்டு, ஏசியை அணைச்சுட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏதாவது மதில் சுவர் ஓரமா மெதுவா உருட்டிக்கிட்டே காதைத் தீட்டிக்கிட்டுப் போவாங்க. சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற சத்தம் தெளிவாக் கேக்கும், அதான் சங்கதி. பார்க்கிறவங்க என்னவோ ஏதோன்னு நினைச்சுப்பாங்க. போன மாசம் இந்த வியாதி எனக்கும் தொத்திக்கிச்சு.

கார் அப்பாவோடது. 2012 மாடல் டர்போ டீசல், நாலு சிலிண்டர், 1,46,000 கி.மீ. ஓடியிருக்கு. கம்பெனி பேர் வேண்டாம், இத்தனை வருஷம் உழைச்ச வண்டியைச் சந்தி சிரிக்க வைக்கக்கூடாது :-) வாரத்துல ரெண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு மதுரை கூட்டிட்டுப் போறது இந்த வண்டிதான். திண்டுக்கல் பக்கத்துலேர்ந்து போக வர 130 கி.மீ. நாலு வழிச்சாலை. திரும்பி வரும்போது அம்மா பின் சீட்டுல படுத்துக்கிட்டேதான் வருவாங்க. பஸ்ஸெல்லாம் நினைச்சே பார்க்க முடியாது.

அந்த வண்டியிலதான் காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே டிக் டிக் டிக்.

முதல் மெக்கானிக் பானட்டைத் திறந்து அரை நிமிஷம் கேட்டார். "பிக் எண்ட் பேரிங் போச்சு சார். எஞ்சினை இறக்கணும். ஒண்ணேகால் லட்சம் ஆகும். ஓட்டாதீங்க." வண்டியை வித்தாலே 2 லட்சம் தேறினா பெரிசு. ரெண்டாவது மெக்கானிக், "டேப்பட் சத்தம்தான், தாராளமா ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது"ன்னு சிரிச்சுட்டே அனுப்பினார். முதல் ஆள் சொல்றது நிஜம்னா, கனெக்டிங் ராடு எஞ்சின் பிளாக்கை உடைச்சுக்கிட்டு நடுரோட்டுல வெளிய வரலாம், அதுவும் அம்மா உள்ள படுத்திருக்கும்போது. ரெண்டாவது ஆள் சொல்றது நிஜம்னா ஒண்ணேகால் லட்சம் தண்டம். அடுத்த டயாலிசிஸுக்கு ரெண்டே நாள்தான் இருந்தது. அப்பா ஒண்ணும் பேசலை. சாயந்திரம் பார்த்தா வண்டியைக் கழுவிக்கிட்டு இருந்தார். விக்கப்போற மாட்டைக் குளிப்பாட்டுற மாதிரி இருந்துச்சு எனக்கு.

நமக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் பக் கண்டுபிடிக்கிறது. எஞ்சினும் ஒரு சிஸ்டம்தானே, அதே மாதிரி பார்ப்போமேன்னு இறங்கினேன்.

முதல் வேலை, எண்ணுறது. நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஷாஃப்ட் ஒரு சுத்து. ஒரு வால்வு திறக்கிறதும் அந்த ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை, ஒரு சிலிண்டர் புகை தள்ளுறதும் ஒரு தடவை. ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தா ஐடிலிங் 820 ஆர்.பி.எம். செல்போன்ல பதிவு பண்ணி, ஆடாசிட்டியில போட்டு, வேகத்தைக் குறைச்சு எண்ணினேன். 10 செகண்டுக்கு 68. அதாவது நிமிஷத்துக்கு 408. 820-ல கிட்டத்தட்டப் பாதி! கிராங்க் ஒவ்வொரு சுத்துக்கும் அடிக்கிற சத்தமா இருந்தா 137 வரணும். ஆக, இது ஏதோ ஒரே ஒரு சிலிண்டர் சம்பந்தப்பட்ட விவகாரம். ஆனா இதை வச்சு பேரிங்கை முழுசா விடுதலை பண்ண முடியாது. பேரிங் லூஸா இருந்தா, அந்த சிலிண்டர் வெடிக்கிறப்ப மட்டும் தட்டுறதும் உண்டு.

அடுத்து ஆயில். டர்போ எஞ்சின்ல இது உயிர்நாடி. டர்போவோட ஷாஃப்ட் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேல சுத்தும், அதைத் தாங்குறது மெல்லிசான ஆயில் படலம்தான். டேப்பட்டும் ஹைட்ராலிக், ஆயில் நிரம்பினாத்தான் சத்தம் போடாம இருக்கும். டிப் ஸ்டிக்ல அளவு சரியா இருந்தது. அளவு சரியா இருந்தாப் போதாது, பிரஷரும் வேணும். டேஷ்போர்டு லைட்டை நம்பவே கூடாதுங்க, பிரஷர் ரொம்பக் கீழ போனப்புறம்தான் அது எரியும்.

இந்த இடத்துல எனக்குக் கருவி பத்தலை. அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர், பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிடையர் ஆனவர். வீட்டுக்கு வந்தார். நான் எண்ணின கணக்கைக் காட்டினேன். "எண்ணியெல்லாமா பார்த்தீரு தம்பி? நாங்க காதுலயே வச்சிருப்போம்"னு சிரிச்சார். பிரஷர் சுவிட்சைக் கழட்டிட்டு அந்த இடத்துல கேஜை மாட்டினார். சூடான ஐடிலிங்ல 22 பி.எஸ்.ஐ., 2000 ஆர்.பி.எம்.ல 45. "ஆயில் பம்பு நல்லாருக்கு"ன்னார்.

அப்புறம் நீளமான ஸ்க்ரூடிரைவரோட பிடியைக் காதுல வச்சுக்கிட்டு முனையால எஞ்சினை ஒவ்வொரு இடமாத் தொட்டார். (ஃபேன், பெல்ட் பக்கம் போயிடாதீங்க சாமி.) ஆயில் சம்ப் பக்கம் அமைதி. வால்வு கவர் மேல வழக்கமான தையல் மிஷின் சத்தம். நாலாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் பக்கம் போனதும் புருவத்தைத் தூக்கினார்.

ஸ்கேனர்லேர்ந்தே ஒவ்வொரு இன்ஜெக்டரா நிறுத்திப் பார்த்தோம். டீசல் இன்ஜெக்டர் வயரைக் கையால பிடுங்குறது ஆபத்து, அதுல ஓடுறது வெறும் 12 வோல்ட் இல்லை. ஒண்ணு, ரெண்டு, மூணை நிறுத்தினப்ப ஒரு மாற்றமும் இல்லை. நாலை நிறுத்தினதும் டிக் முக்கால்வாசி அடங்கிருச்சு. டேப்பட்டா இருந்தா டீசலை நிறுத்தினாலும் தட்டிக்கிட்டேதான் இருக்கும். ஆக ரெண்டாவது மெக்கானிக் அவுட்.

மிச்சம் இருந்தது ரெண்டு பேர். நாலாவது சிலிண்டர் பேரிங், இல்லைன்னா அங்கேர்ந்து கசியுற புகை. இதைப் பிரிக்கிறது சூடு. பேரிங் தேய்ஞ்சிருந்தா, ஆயில் சூடாகி இளக இளக சத்தம் கூடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிஞ்சா நேர் எதிர். இரும்பு சூடாகி விரிஞ்சு இடைவெளியை அடைச்சுக்கும். நம்ம வண்டியில காலையில பெரிசாக் கேக்குது, கால் மணி நேரம் ஓடினா பாதிக்கு மேல காணாமப் போகுது!

கடைசி சாட்சி வேணும்ல? மறுநாள் காலையில, எஞ்சின் முழுசா ஆறினப்புறம், வீட்டு வேக்குவம் கிளீனரைக் காத்து ஊதுற பக்கம் மாத்தி சைலன்சர் வாயில வச்சேன். பானட்டுக்குள்ள மேனிஃபோல்டு ஓரமெல்லாம் சோப்புத் தண்ணி அடிச்சோம். நாலாவது சிலிண்டர் முனையில புஸ்ஸுனு நுரை பொங்கிச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தா கருப்பாக் கரிக்கோடு, பக்கத்துல தலை உடைஞ்ச ஒரு ஸ்டட். அப்பா அந்த நுரையையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு நின்னார்.

ஏன் அந்த முனை? மேனிஃபோல்டு சூட்டுல நீளும், ஆறினா சுருங்கும். அந்த இழுபறியெல்லாம் கூடுதலா விழுறது ரெண்டு முனை ஸ்டட்டுலதான். டர்போ வண்டியில இன்னொரு கஷ்டம், டர்போவோட கனமும் அதே மேனிஃபோல்டுலதான் தொங்குது. டர்பைனுக்கு முன்னாடி புகையோட அழுத்தமும் ஜாஸ்தி, அதனால சின்ன ஓட்டைக்கே பெரிய டிக். அந்தப் புகைதான் டர்போவைச் சுத்தணும். அது வழியிலேயே கசிஞ்சதாலதான் மேட்டுல வண்டி இழுக்கத் தயங்கியிருக்கு.

அடுத்த டயாலிசிஸுக்கு டாக்ஸி சொல்லிட்டு வேலையைப் பார்த்தோம். உடைஞ்ச ஸ்டட் மேல ஒரு நட்டை வச்சு வெல்டு பண்ணி, அந்தச் சூட்டோட திருகி எடுத்தார் பெரியவர். மேனிஃபோல்டு முகத்தைப் பட்டறையில கொடுத்து சமன் பண்ணி, புது கேஸ்கெட், எல்லா ஸ்டட்டும் நட்டும் புதுசு. மொத்தம் 7,300 ரூபாய், அதுல அவர் வாங்கிக்கிட்ட கூலி வெறும் 1,500.

"ஒண்ணும் ஆகாது"ன்னு ஓட்டியிருந்தா? எஞ்சின் தாங்கியிருக்கும். ஆனா அந்தப் புகை ஏசி வழியா உள்ள வந்திருக்கும். பின் சீட்டுல யார் படுத்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும்.

உங்க வண்டியும் டிக் டிக்னா, மூணு விஷயம் மட்டும் பாருங்க. ஆயில் லைட் எரியுதா? சூடாக சூடாக சத்தம் கூடுதா? டிக் மாறி அடியிலேர்ந்து கனமா டொக் டொக்னு வருதா? இதுல ஒண்ணு இருந்தாலும் அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைச்சுடுங்க, இழுத்துட்டுத்தான் போகணும். மூணும் இல்லைன்னா உங்களுக்கு ஒரு நாள் அவகாசம் இருக்கு. யாரோ எஞ்சினை இறக்கச் சொன்னாங்கன்னு பதறாம, முதல்ல உட்கார்ந்து எண்ணுங்க.