விலகி ஓடுகிறவன் எதிரியா?



நாம் குடியிருப்பது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு தெருவில். பௌர்ணமி இரவுகளில் பதினான்கு கிலோமீட்டர் பாதையும் மனிதத் தலைகளாகவே இருக்கும். இஷா தொழுதுவிட்டு வீடு சேர்ந்தால் மறுநாள் காலைவரை வெளியே வண்டி எடுக்க முடியாது. பிள்ளைகளும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள்.

சென்ற அரையாண்டு விடுமுறையில் அப்படியோர் இரவு. சென்னையிலிருந்து வந்திருந்த நம் தமக்கை மகன் ஒரு தடித்த புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். நம் மகனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் சுற்றி அமர்ந்திருந்தனர். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டாம். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார்; அவருக்கு டஞ்சன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கும்.

பகடை என்றதும் நாம் தடுத்தோம். நர்து எனும் பகடை ஆட்டத்தைக் குறித்து ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ள கடும் எச்சரிக்கை நாம் பாடம் நடத்துகிற ஒன்று. மந்திரவாதிப் பாத்திரமும் வேண்டாம், வாள்வீரன், வில்லாளி போதும் என்றோம். பகடைக்குப் பதிலாக ஒன்று முதல் இருபது வரை எழுதிய சீட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்தோம். "சீட்டும் குருட்டுவாக்கில் வருவதுதானே மாமா?" என்றான் மருமகன். நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் துணைவியருள் யாரை உடன் அழைத்துச் செல்வது என்பதற்குச் சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள் என்று சொன்னோம். அவன் தலையாட்டினான். நம் பதில் அவன் கேள்விக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும், நமக்கும் தெரிந்தது. அதை இன்னொரு நாள் பேசலாம்.

சண்டை தொடங்கிய அரைமணியில் உண்மையான சண்டையும் மூண்டது. கதையில் நம் மகன் ஒரு வாள்வீரன். எதிரே நின்ற கொள்ளையன் காயப்பட்டுக் கத்தியைக் கீழே எறிந்தான், 'விட்டுவிடு' என்றான், திரும்பி ஓடினான். நம் மகன், "ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக்! வெட்டுகிறேன்" என்றான். முடியாது என்றான் மருமகன். குரல்கள் உயர்ந்தன. பதின்மூன்று வயதுக்காரன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். "மாமாவிடமே கேட்போம், அவர்தானே பத்வா கொடுப்பவர்" என்று புத்தகம் நம் மடிக்கு வந்தது. (நாம் பத்வா கொடுப்பவரல்லர். மக்தபில் ஓதிக் கொடுப்பவர் மட்டுமே. பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது.)

விதி சிறியதுதான். ஒருவன் எதிரியாக இருக்க வேண்டும்; அவன் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்; உங்கள் ஆயுதம் எட்டும் தூரத்திலிருந்து, பெரும்பாலும் அது 5 அடி, அவன் வெளியேற வேண்டும். மூன்றும் கூடினால், உங்கள் முறை இல்லாதபோதும் ஒரே ஒரு வெட்டு வெட்டலாம். அவன் தன் முறையைச் செலவிட்டு நிதானமாகப் பின்வாங்கினால் அந்த வெட்டு கிடையாது. வேறொருவர் தள்ளியதால் அவன் விலகினாலும் கிடையாது.

உஸூலுல் ஃபிக்ஹ் படித்தவர் கண்ணில் 'எதிரி' என்ற சொல் உடனே படும். பொதுவான அனுமதிக்கு இடப்பட்ட ஒரு கைது அது, ஒரு நிபந்தனை. யார் எதிரி என்பதை விதி அங்கே விளக்கவில்லை. ஆகவே கேள்வி இதுதான்: கத்தியை எறிந்துவிட்டு, விட்டுவிடு என்று கெஞ்சியபின் ஓடுகிறவன் இன்னும் எதிரியா?

மருமகன் இன்னொன்றும் சொன்னான். அவன் கையில் இருந்தது 2014ஆம் ஆண்டுப் பதிப்பு. 2024இல் திருத்திய விதிகளில் 'எதிரி' என்ற அந்தச் சொல்லே எடுக்கப்பட்டுவிட்டதாம். கண்ணுக்குத் தெரியும் எந்த உயிரும் விலகினால் போதுமாம். விளையாட்டுக்குள்ளும் நாஸிக், மன்ஸூக் உண்டு போலும் என்று சிரித்துக்கொண்டோம். நாம் ஆடுவது 2014இன் புத்தகம், ஆகவே நிபந்தனை நிற்கிறது என்றோம்.

அப்போது நம் மகன் சொன்னான்: "அத்தா, அவன் மனம் மாறிக் கத்தியைப் போடவில்லை. பயந்து போட்டான். எனக்குத் தெரியும்."

நமக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. பிறகு உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைச் சொன்னோம். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது, நம் பிள்ளைகள் முன்பே கேட்டதுதான். ஜுஹைனா குலத்தின் ஹுரக்கா பிரிவினரை எதிர்த்துச் சென்ற படையில் இருபது வயதைக்கூட எட்டாத உஸாமா இருந்தார். அவரும் அன்ஸாரிகளில் ஒருவரும் ஓர் ஆளைத் துரத்திப் பிடித்தார்கள். அந்த ஆள் கலிமாவை மொழிந்தார். அன்ஸாரித் தோழர் கையை இழுத்துக்கொண்டார். உஸாமா ஈட்டியைப் பாய்ச்சிவிட்டார். இருவர் காதிலும் விழுந்தது ஒரே சொல். மதீனா திரும்பியதும், உயிருக்கு அஞ்சித்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று உஸாமா விளக்கம் கூறினார். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை. அவருடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்னும் பொருள்படக் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த நாளுக்குப் பிறகு தாம் இஸ்லாத்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கும் அளவுக்குக் கேட்டார்கள். பின்னாளில் முஸ்லிம்களுக்கிடையே போர் மூண்டபோது, அலீ (ரலி) அவர்கள்மீது அத்துணை அன்பு வைத்திருந்தும் உஸாமா வாளெடுக்காமல் ஒதுங்கியிருந்தார். அந்த அலீ (ரலி) அவர்களோ ஜமல் போரில், ஓடுகிறவரைத் துரத்தாதீர், காயப்பட்டவரைக் கொல்லாதீர் என்று கட்டளையிட்டதாக அறிவிக்கப்படுகிறது.

"அப்படியென்றால் வெட்டு இல்லை" என்றான் மருமகன். மகன் மறுக்கவில்லை. கொள்ளையன் தப்பினான். ஆட்டம் தொடர்ந்தது.

நமக்குத்தான் உறக்கம் வரவில்லை. தெருவில் பாதங்கள் தேயும் ஓசை விடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன்பு, ஓதிக்கொடுக்கத் தொடங்கிய புதிதில், நம்மிடம் ஒரு மாணவர் இருந்தார். பாடத்தில் பின்தங்கியவர், பொய் சொல்வார். ஒருநாள் வகையாக அகப்பட்டுக்கொண்டார். "இனிச் செய்யமாட்டேன் ஹஜ்ரத், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று எழுந்து வாசலை நோக்கி நடந்தார். பிரம்பு நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கடந்து செல்லும்போது முதுகில் அடித்தோம். ஒரே அடிதான். பயந்து சொல்கிறான், மனம் திருந்திச் சொல்லவில்லை என்று அன்று நமக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. மறுநாள் முதல் அவர் மக்தபுக்கு வரவில்லை. உஸாமாவின் ஹதீஸை அதன்பின் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அந்த மாணவர் ஒருமுறைகூட நினைவுக்கு வந்ததில்லை.

அவர் இப்போது நகரில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். மறுநாள் அஸருக்குப் பின் போனோம். நம்மைக் கண்டதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து ஸலாம் சொன்னார். வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டார். கோளாறு இல்லை என்று சொல்லி, சொல்ல வந்ததைச் சொன்னோம். நினைத்துச் சென்றதில் பாதிதான் வாயில் வந்தது.

அவர் சற்று நேரம் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"அன்றைக்கு நான் பயந்துதான் மன்னிப்புக் கேட்டேன் ஹஜ்ரத். நீங்கள் நினைத்தது சரிதான்."

தேநீர் வாங்கி வரச் சொன்னார். வாங்கி வந்தது அவருடைய மகன், ஆறு வயதிருக்கும். எங்கே ஓதுகிறாய் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்க வாயெடுத்தோம். கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு மஃரிபுக்கு முன் வீடு திரும்பினோம்.