சொல்லாத சுவர்

பிரான்சிலிருந்து படிக்க வந்திருந்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். வழிகாட்டி தமிழில் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்ல நானும் போனேன். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் ஊர், மேற்கே கறுப்பர் ஊர் என்றார்.

"உன் வீடு எந்தப் பக்கம்?" என்றாள் ஒருத்தி.

"ரெண்டுலயும் இல்ல. நாங்க ஊருக்கு வெளிய, சேரி."

மிஷன் வீதி சம்பா கோயிலில், பழைய கோயிலை 1761இல் ஆங்கிலேயர் இடித்ததையும் 1791இல் இதைக் கட்டி முடித்ததையும் சொன்னார். அந்தப் பழைய கோயிலுக்குள் பறையர்களைத் தனியே ஒதுக்கிவைக்க ஒரு சுவர் இருந்தது. எங்க சனம் பெரிய சாமியாரிடமே போய் நியாயம் கேட்டது. 1745இல் சுவர் விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. (நம்ம ஆளில்லை, ஆனாலும் எழுதிவைத்தார்.) வழிகாட்டி வாயில் அது வரவில்லை. நானே சேர்த்துச் சொன்னேன்.

"என்ன தம்பி, நான் சொன்னதவிட நீளமா போவுதே?" என்றார்.