தொப்பூர் கணவாயில் காத்துப் பாடம்!

தர்மபுரியிலிருந்து சேலம் போற வழியில் தொப்பூர் கணவாய். அன்னிக்கு என்.எச். 7, இன்னிக்கு 44. ஏறி இறங்கும் லாரிகளுக்கு இங்கே பஞ்சர் கடைதான் ஆஸ்பத்திரி! கம்ப்ரஸர் தடதடக்க, லாரி டயருக்குக் காத்து பிடிச்சுட்டிருந்தார் கடைக்கார அண்ணன். கன்னத்தில் நீளமா ஒரு தழும்பு.

‘‘என்னண்ணே இது?’’

‘‘ஹோஸ் போட்ட கோடு தம்பி! கிளாம்ப்புக்குப் பதிலா கட்டுக்கம்பி சுத்தி வெச்சிருந்தேன். ஒருநாள் பிச்சுக்கிட்டு சாட்டை மாதிரி வீசிடுச்சு. ஒரு இன்ச் மேல பட்டிருந்தா, கண்ணு காலி!’’

கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. சொச்சம்தான். லாரிக்கு 100-க்கு மேல. பெயின்ட்பால் துப்பாக்கிக்குப் போற ஹோஸ்ல சுமார் 800! அழுத்தம் எதுவானாலும் விதி ஒண்ணுதான். ஹோஸ் மேல அச்சடிச்சிருக்கும் ‘வொர்க்கிங் பிரஷர்’, உள்ளே வரும் உச்ச அழுத்தத்தைவிடக் கூடுதலா இருக்கணும். பக்கத்துல இருக்கும் ‘பர்ஸ்ட்டிங் பிரஷர்’ங்கிற பெரிய நம்பரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது வெடிக்கிற அளவு! உப்பல், வெடிப்பு, உள்நூல் தெரிஞ்சா தூக்கிப் போட்டுடணும். கழற்றுறதுக்கு முன்னாடி காத்தை வெளியேத்தணும்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல எனக்கு அரியர். அண்ணன் படிச்சது எட்டாவது. பாடம் எடுத்தது அவர்தான்! கிளம்பும்போது பார்த்தேன்... எல்லா ஜாயின்ட்லயும் புது கிளாம்ப்!