பாடலுக்கு அப்பால் ஒலிப்பது

சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் திரையிசைப் பேச்சு பெரும்பாலும் வானொலிப் பாடல்களையே சுற்றி வந்தாலும், வசனத்துக்கு அடியிலும் மௌனத்துக்கு நடுவிலும் காட்சியைத் தாங்கும் பின்னணி இசையைச் செவிகூர்ந்து கேட்கும் ரசிகரின் கருத்தே கூடுதல் மதிப்புக்குரியது.

இளையராஜா இசையமைத்த 'மௌன ராகம்' (1986) படம் இதற்குச் சான்று. ஓர் உறவுக்கோ பாத்திரத்துக்கோ உரியதாகத் திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடரான தீம் மியூசிக், அப்படத்தில் சொல்லப்படாத ஏக்கத்தையும் உணர்த்துவதால், ரசிகர்கள் அதைப் பாடலுக்கு நிகராகவே, நியாயமாகவே, போற்றுகின்றனர்.

இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் 2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான இசை விருது பாடல், பின்னணி இசை எனப் பிரிக்கப்பட்டபோது, பின்னணி இசைக்கான விருது மலையாளப் படமான 'பழசிராஜா'வுக்காக இளையராஜாவுக்கே கிடைத்தது. 2015ஆம் ஆண்டுக்கான விருதும் 'தாரை தப்பட்டை'க்காக மீண்டும் அவரையே சேர்ந்தது.