இலவச வெளிச்சம் பற்றி ஒரு திருத்தம்

பத்திரிகைகளில் 'திருத்தம்' என்றொரு சிறு பெட்டி உண்டு. நேற்று அச்சேறிய பிழையை இன்று ஒப்புக்கொள்ளும் இடம் அது. பெயர் பிழைத்தால், திகதி பிழைத்தால், படம் மாறினால் அங்கே இரண்டு வரி போடுவோம். அரைகுறையாகச் சொல்லப்பட்ட உண்மைக்கு அந்தப் பெட்டியில் இடம் கிடைப்பதில்லை. ஆகவே, இருபது ஆண்டுகள் தாமதமான ஒரு திருத்தத்தை இங்கே எழுதுகிறேன்.

உலக வங்கியின் கடனுதவியுடன் 1997இலும் 2002இலும் இலங்கையில் தொடங்கிய இரு திட்டங்களின் வழியாக, மின்கம்பி எட்டாத வீடுகளுக்குத் தவணைக் கடனில் சூரிய மின்தொகுதிகள் போய்ச் சேர்ந்தன. ஈற்றில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அவற்றைப் பெற்றன. அதுவரை கிராமத்தவர்கள் கார் பற்றரியைச் சைக்கிளில் கட்டி நகரத்துக்குக் கொண்டுபோய், சார்ஜ் ஏற்றி வந்து தொலைக்காட்சி பார்த்தார்கள். அந்த மாற்றத்தைக் கண்டு மகிழ்ந்து, 2004இல் ஞாயிறு இதழுக்கு ஒரு கட்டுரை எழுதினேன். 'சூரியன் தரும் இலவச மின்சாரம்' என்று தலைப்பிட்டேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. பற்றரியைப் பற்றி அதில் ஒரு வரிதான் இருந்தது.

2022 நவம்பரில் கற்பிட்டிக்குப் போனேன். பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் பாதை நுரைச்சோலையைத் தொட்டுச் செல்கிறது. நாட்டின் மிகப் பெரிய அனல்மின் நிலையம் அங்கேதான் நிற்கிறது. முந்நூறு மெகாவாட் வீதம் மூன்று இயந்திரங்கள். அதன் புகைபோக்கியைப் பார்த்தபடியே கற்பிட்டியை அடைந்து, படகேறிக் களப்பைக் கடந்து, மின்கம்பி எட்டாத ஒரு மணல் திட்டில் இறங்கினேன். விளக்கடி இருள் என்பது அங்கே வெறும் பழமொழியாகத் தோன்றவில்லை.

நண்பர் ஒருவர் வழியாக அறிமுகமான ஒரு நானாவின் வாடியில் தங்கினேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து படகில் வந்து இறங்கியவர். அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில், குப்பி விளக்கின் புகையில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இப்போது கூரையில் இரண்டு சூரியத் தகடுகள், மூலையில் இரண்டு பற்றரிகள், ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி. பெட்டிக்குள் மீன் இல்லை. அவருடைய மனைவிக்கான இன்சுலின் குப்பிகள் இருந்தன.

அன்று மூன்றாவது நாளாக மழை. இரவு இரண்டு மணியளவில் குளிர்சாதனப் பெட்டி 'டக்' என்று நின்றது. அந்த அம்மா எழுந்து, விளக்கும் ஏற்றாமல், குப்பிகளை எடுத்து ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்தார். பழகிப்போன கை என்பது இருட்டிலும் தெரிந்தது.

விடிந்ததும் நானா சொன்னார்: "தம்பி, இது மூணு வருசத்துல ரெண்டாவது சோடி பற்றரி. மொதல் சோடிக்கு மகளுட காப்பு அடகுக்குப் போச்சு. நீங்க பேப்பர்ல இலவசம் எண்டு எழுதினீங்களாமே?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்று மாலை படகு எஞ்சின் திருத்தும் இளைஞர் ஒருவர் கற்பிட்டியிலிருந்து வந்தார். பற்றரியின் மூடிகளைக் கழற்றி, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரை உள்ளே விட்டார். நிறைந்த பற்றரியில் அது 1.265 அளவில் நிற்க வேண்டும். அங்கே 1.17ஐத் தாண்டவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ முதல்நாள் மாலை பச்சை விளக்கு எரிந்திருந்தது. மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும்போது வோல்ற் உயர்ந்து தெரியும். அதைக் கண்டு பற்றரி நிறைந்துவிட்டதாக நம்பக் கூடாது என்றார் அவர். இறக்கமும் ஏற்றமும் இன்றிச் சில மணி நேரம் விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். பன்னிரண்டு வோல்ற் பற்றரி அப்போது 12.7 காட்டினால் நிறைவு, 12.2 காட்டினால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்குவது ஆயுளைத் தின்னும்.

நானாவிடம் ஜெனரேற்றரும் இருந்தது. பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. இரவு ஏழு மணிக்கு ஓட்டி, செய்தி பார்த்து, ஒன்பதுக்கு நிறுத்துவார். அவ்வாண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபின் அந்த இரண்டு மணி ஒன்றாகச் சுருங்கியது. இரவில் ஏற்றியது விடியுமுன் குளிர்சாதனப் பெட்டிக்கே போய்விடும். பகலில் முகிலுக்கிடையே வந்த வெயில் மீதியை நிரப்பப் போதாது. இப்படி மாதக்கணக்கில் அந்தப் பற்றரிகள் ஒருநாளும் வயிறு நிறைய உண்ணவில்லை. ஈய அமிலப் பற்றரி அரைவயிற்றோடு கிடந்தால், தகடுகளில் படியும் ஈயச் சல்பேற்று இறுகிக் கல்லாகிவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் ஏறாது.

அந்த இளைஞர் சொன்ன மாற்றுவழி எளிமையானது. ஜெனரேற்றரை இரவில் ஓட்டாதீர்கள். சுபஹு தொழுகை முடிந்ததும் ஓட்டுங்கள். வெறும் வயிற்றில் பற்றரி வேகமாக வாங்கும். முதல் எண்பது பங்கு விரைவில் ஏறும். கடைசி இருபது பங்கு சொட்டுச் சொட்டாக, பல மணி நேரம் எடுத்தே ஏறும். அந்த மெதுவான வேலைக்கு எண்ணெய் எரிப்பது வீண். அதை வெயிலிடம் விடுங்கள். மழை தொடர்ந்தால், வாரத்தில் ஒருநாளாவது, எண்ணெய் செலவானாலும், முழுதாக நிரப்புங்கள். ஜெனரேற்றரை வெளியே, காற்றின் கீழ்ப்பக்கம் வையுங்கள். அந்தப் புகையில் உள்ள நஞ்சுக்கு மணமில்லை.

ஜெனரேற்றரைச் சூரிய மின்சாரத்தின் தோல்வி என்றே நான் எண்ணியிருந்தேன். அதனால்தான் 2004 கட்டுரையில் அதைக் குறிப்பிடவும் இல்லை. உண்மையில், சரியான வேளையில் ஓடும் இரண்டு மணி நேரம் ஒரு சோடி பற்றரியின் ஆயுளைக் காக்கிறது.

இப்போது லிதியம் பற்றரிகள் வந்துவிட்டன. அவை அரைவயிற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் கடைசிவரை ஏறத்தாழ ஒரே வோல்ற்றைக் காட்டிவிட்டு, திடீரென அணைந்துவிடும். அவற்றுக்கும் மாரிகால முகில் முகில்தான். மாற்று ஏற்பாடு ஒன்று வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்காக இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தமான திட்டத்தைப் பாருங்கள்: 1,700 கிலோவாட் சூரியம், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணி பற்றரி, கூடவே 2,500 கிலோவாட் டீசல். நானாவின் வாடியில் இருந்த அதே கணக்கு, பெரிய எழுத்தில்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு என்றார்கள். ஆனால் வெயில் மிகுந்து தேவை குறைந்த நேரத்தில் வலையமைப்பு தளர்ந்திருந்தது என்பதையும் பிறகு பேசினார்கள். நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்று, மீண்டு வரச் சில நாட்கள் எடுத்தன. பகல் வெயிலை இரவுக்குச் சேமிப்பது எப்படி என்று இன்று நாடே கேட்கிறது.

அந்த மாதக் கடைசியில் மறுபடி அந்தத் தீவுக்குப் போனேன். 2023இல் வாங்கிய சோடி உயிரோடு இருந்தது. பற்றரிகளுக்கு மேலே ஆணியில் ஒரு பாடசாலைக் கொப்பி தொங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் பேத்தி எழுதிய அளவுகள்: 1.26, 1.25, 1.26. மழை வாரத்தில் ஒரு 1.21, அதன் அருகே 'ஜெனரேற்றர் 3 மணி' என்று குறிப்பு. அடுத்த வாரம் மீண்டும் 1.26. மண்பானை கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது.

திருத்தம் இதுதான். 2004இல் வெளியான எனது கட்டுரையின் தலைப்பில் 'இலவச' என்ற சொல் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது. வெயில் மட்டுமே இலவசம். இரவுக்கு விலை உண்டு. அதைக் காலையிலேயே கட்டிவிட வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன்.